ரோல்ஸ் வாங்கி வந்த அன்ரி

அஜின்கோர்ட் கடையொன்றின் மட்டன் ரோல்ஸ். பழுப்புப் பையில் எண்ணெய் ஊறியிருந்தது, சூடு ஆறவில்லை. வெல்டிங் மேசையில் வைத்துவிட்டு, "சாப்பிடுங்கோ பிள்ளையள்" என்றார் அன்ரி. ஒருவரும் கை வைக்கவில்லை. சும்மா ஒரு மனுசி ரோல்ஸ் வாங்கித் தருவாவா? அதுவும் கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிற மனுசி!

ஊரில் போர் முடிகிற காலம் அது. ஸ்காபரோவில் இருந்த அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியில் நான் வெல்டிங் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பெரும்பாலும் எங்கள் ஆட்கள், அகதி வழக்கு முடியாதவர்கள். படிப்புச் செலவு இந்த நாட்டு அரசாங்கத்துடையது. இரும்பும் இயந்திரமும் ரெக்ஸ்டேலில் இருந்த ஒரு தொழிற்சாலை கொடுத்தது. படித்து முடித்தால் அங்கேயே வேலை. இரண்டு பக்கத்தையும் பேசிப் பேசிக் கல்லூரியோடு சேர்த்து வைத்தவர் அன்ரிதான். உணவகத்தில் கோப்பை கழுவி வெந்துபோன கையோடு இருந்த எனக்கு அந்த வேலை எப்படியும் வேண்டும். ஆனாலும் அரசாங்கம் எங்களை நம்பி ஏன் செலவழிக்கிறது என்ற யோசனை விட்டபாடில்லை.

அந்த மாதங்களில் எங்களில் பாதிப் பேர் வகுப்பை விட்டுவிட்டு போரை நிறுத்தச் சொல்லி டவுன்டவுன் தெருக்களில் நின்று கத்தினோம். அப்போதுதான் அன்ரி எங்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டார். "தம்பி, வன்னியில உங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" கையில் பேனாகூட இல்லை. எழுதாமல் கேட்கிறவர் மனதில் எழுதுகிறார் என்றுதானே அர்த்தம்? என் அண்ணன் அங்கே குண்டுக்குப் பதுங்கி ஒரு பங்கருக்குள் இருந்தான். "ஒருத்தரும் இல்லை அன்ரி" என்றேன். எல்லோரும் அதையேதான் சொன்னோம். வெளியே வந்ததும் பக்கத்து மேசைக்காரர், "உவ எங்கட விசயத்தைக் கொழும்புக்குக் குடுக்கிறாவோ, இமிகிரேசனுக்குக் குடுக்கிறாவோ, ஆர் கண்டது?" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. வன்னியில் சொந்தம் என்றால் போராளிக் குடும்பம் என்று அகதி வழக்கைத் தள்ளிவிடுவார்கள் என்ற பயம்.

மே மாதம் எல்லாம் முடிந்தது. அண்ணன் இல்லை என்ற செய்தி வந்த கிழமையே வகுப்பையும் மூடினார்கள். வேலையும் போச்சு. என் சப்பாத்தையும் கையுறையையும் எடுக்கப் போனபோது பட்டறையில் அன்ரி தனியாக நின்றார்.

"வராத நாளுக்கு ஞாயமான காரணம் வேணுமாம். சண்டைக்குள்ள சொந்தம் இருந்தால் அதுவே காணும், வகுப்பை மூடமாட்டம் எண்டு அரசாங்க ஆக்கள் சொன்னவை. ஆனா ஏன் கேக்கிறன் எண்டு சொல்லக் கூடாதாம், சொன்னா எல்லாரும் ஓம் எண்டுவினமாம். ஒரு ஆளாவது ஓம் எண்டிருக்கலாமே, தம்பி!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்கள் ஆர், ஆற்ர ஆள் எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? உங்கட ஆக்கள் அங்க இருக்கினமோ இல்லையோ எண்டு நீங்கள் ஒருநாளாவது வாய் திறந்தனீங்களோ?"

அன்ரி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "என்ர தங்கச்சி வன்னிக்குள்ளதான் இருந்தவள். இன்னும் ஒரு தகவலும் இல்லை. இஞ்ச வேலையிடத்தில ஒருத்தருக்கும் தெரியாது. நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ."

இன்று மில்லிக்கனில் வீடு, வாசலில் கார், வேறொரு பட்டறையில் வேலை. அன்ரி சொன்ன அரசாங்கக் கதையை இன்றைக்கும் நான் முழுதாக நம்பவில்லை. கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னதை மட்டும் நம்புகிறேன். அதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.