புற்றுநோய்க்கு ஒரு மண்டோர்

மலேசியாவில், புக்கிட் ரோத்தான் சாலையோரக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறேன். சென்னையிலிருந்து என்ன வேலையாக வந்திருக்கிறேன் என்று கடைக்கார அக்கா கேட்கிறார்.

"இங்க கிளினிக் டாக்டர்களுக்கு, வாய்ப் புத்துநோய ஆரம்பத்துலயே கண்டுபிடிக்கக் கத்துக்குடுக்கறேன். மென்டார்."

"மண்டோரா? புத்துநோய்க்குமா மண்டோர் வச்சிட்டாங்க!"

மண்டோர் என்றால் ரப்பர் தோட்டத்தில் வேலை வாங்குபவராம். "விடியக்காலைல பெரட்டுன்னு எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுப் பேரு கூப்புடுவாரு. அவரு வேலை செய்யமாட்டாரு லா. பக்கத்துல நின்னு சத்தம் போடுவாரு."

என் வேலையை இத்தனை சரியாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

அக்கா குரலைத் தாழ்த்துகிறார். "அப்ப எங்க வீட்டுக்காரரையும் கொஞ்சம் சத்தம் போடுங்க டாக்டர். கன்னத்துக்குள்ள புண்ணு, ஆறவே மாட்டேங்குது. கிளினிக்குக்குக் கூப்புட்டா வெத்தலைய மென்னுக்கிட்டே சிரிக்கிறாரு."

அந்த மனிதர் அடுப்பருகே ரொட்டி சானாய்க்கு, பரோட்டாவுக்குப் போல மாவு வீசிக்கொண்டிருக்கிறார். முன்பு தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவராம். நான் எழுந்து, இடுப்பில் கைவைத்து, எனக்கு வராத குரலை வரவழைக்கிறேன்.

"நாளைக்குக் காலைல கிளினிக்ல பெரட்டு! பேரு கூப்புடறப்போ ஆள் இருக்கணும்!"

மாவு அவர் கையிலேயே தொங்குகிறது. வெற்றிலையை அவசரமாகத் துப்பிவிட்டு விறைப்பாக நிற்கிறார்.

"வந்துர்றேன், மண்டோர்."