படம் எடுக்கலாம், இறங்க வேண்டாம்

“ஜூன், இரண்டாம் சனி. காலை. காற்று இல்லை. நீர் ஒன்பது டிகிரி.” மலை ஏரி ஒன்றின் கரையில் சாக்பீஸால் எழுதியிருந்த பலகையைப் பார்த்துக் கைபேசியில் நான் குறித்துக்கொண்டது இது. பெர்ன் நகரத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் இந்த ஊர்க்காரர்களின் ஒரு பழக்கம் எனக்கு விளங்கவேயில்லை. கோடை தொடங்கிவிட்டால், லிஃப்டில் ஏறுகிறவர்கள் வணக்கம் சொன்ன கையோடு ஆற்று நீர் இன்று எத்தனை டிகிரி என்றுதான் பேசுவார்கள். நான் பிறந்த சதுரங்கப்பட்டினத்தில் கடலுக்கு எத்தனை டிகிரி என்று யாராவது கேட்டால், ஜுரம் உனக்கா கடலுக்கா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். கடல் இன்று முரடா சாதுவா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி.

எந்த ஏரியைப் பார்க்கலாம் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிரியன்ஸ் ஏரிக்கு இன்டர்லாக்கனில் ரயிலேறி வலப்பக்க ஜன்னலைப் பிடித்தால் போதும். ஓஷினென் ஏரிக்குக் கேபிள் காரில் ஏறி, பிறகு கொஞ்சம் நடக்க வேண்டும். காற்று எழுமுன் போனால் பாறைச் சுவர் தலைகீழாக நீருக்குள் நிற்கும். எல்லோரும் படமெடுக்கும் அந்த நீலப்பச்சை எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படித்திருக்கிறேன். பனியாறு தன் எடையால் மலையை அரைக்கிறது. அந்தக் கல்மாவு நீரில் மிதந்து வெயிலைச் சிதறடிக்கிறது. நாம் ஃபிரேமுக்குள் அடைப்பது ஒரு மலை நசுங்கிக்கொண்டிருப்பதை. மூன்றாவதாக ஓர் ஏரி உண்டு. அதன் பெயரை எழுதமாட்டேன்.

என் தங்கை நூர்ஜஹானும் அவள் கணவர் சாதிக்கும் போன கோடையில் வந்திருந்தார்கள். சாதிக் செங்கல்பட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். மாமல்லபுரம் கரையில் கல்யாண ஜோடிகளை அலைக்குள் நிறுத்திப் படமெடுப்பார். அலை இழுத்துக்கொண்டு போகும் சுற்றுலாக்காரர்களைப் பாய்ந்து மீட்பதும் அவர்தான். ஏரியைப் பின்னால் வைத்துத் தன் படம் ஒன்று ஸ்டுடியோ வாசலில் தொங்க வேண்டும் என்பது அவர் ஆசை. பெயர் எழுதாத அந்த ஏரிக்குத்தான் கூட்டிப்போனேன். கரையில் இருந்த பலகையைக் காட்டினேன். சிரித்தார்.

“இன்னா மச்சான், அலைய மோதி நீஞ்சறவன் நானு. இது குட்ட மாதிரி கீது. ஆடாம அசையாம.”

“வாணாங்க, பலக வச்சிக்கிறாங்க, பாருங்க,” என்றாள் நூரு.

“பலக நீஞ்சத் தெரியாதவனுக்குடி.”

குதித்தார். தலை மேலே வந்ததும் வாய் பிளந்து மூச்சை இழுத்தது, சத்தம் வரவில்லை. பிறகு சமாளித்து நீந்தத் தொடங்கினார். அவர் நீந்துவதைப் பார்த்ததும் நூருவுக்குப் பயம் போய்விட்டது. டிரைபாடில் காமிராவை வைத்துக் கண்ணைப் பொருத்தினாள். “இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க, படத்துல மல வெட்டுப்படுது!” தள்ளிப் போனார். எதிர்க்கரைப் பாறைச் சுவரிலிருந்து பனிப்பாளம் ஒன்று பீரங்கி வெடித்ததுபோல உடைந்து விழுந்தது. நாங்கள் அங்கே பார்த்துவிட்டுத் திரும்பினோம். அவர் கைகள் நின்றுவிட்டிருந்தன.

பாறையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒருவர், ஐம்பது வயதிருக்கும், கம்பத்தில் தொங்கிய மிதவையைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தார். சட்டைக் காலரைப் பிடித்து, மாட்டை இழுப்பதுபோல இழுத்து வந்து கரையில் போட்டார். சாதிக்கின் உதடு சாம்பல் நிறமாயிருந்தது. நடுக்கம்கூட இல்லை. நான் அவசர எண்ணை அழைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

எனக்கு அப்போது மதுராந்தகம் ஏரிதான் நினைவில் இருந்தது. உபரிநீர் பாய்ந்த ஒரு டிசம்பரில் கலங்கலில் செல்ஃபி எடுத்த கல்லூரிப் பையனை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. சாதிக்தான் குதித்து இழுத்துப் போட்டார். கூடியிருந்த அத்தனை பேரும் அவன் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் தோல் உரியத் தேய்த்தோம். இருமிக்கொண்டு எழுந்தான். அதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆகவே சாதிக்கின் உள்ளங்காலைத் தேய்த்தேன். நூரு கைகளைத் தேய்த்தாள். உட்கார வைக்கத் தோளைத் தூக்கினோம்.

“தேய்க்காதே! படுக்கவிடு!” என்று அந்த மனிதர் ஜெர்மனில் கத்தினார். சொன்னது தெளிவாகப் புரிந்தது. நம்பவில்லை. அவர் நூருவின் தோளைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினார். அவள் கூழாங்கல்லில் விழுந்து முழங்கை கிழிந்தது. என் இடது மணிக்கட்டை முறுக்கிப் பிடித்தபடி சாதிக்கின் ஈரச் சட்டையைக் கத்தியால் கிழிக்கத் தொடங்கினார்.

“கொல்றான் அண்ணே! எங்க வூட்டுக்காரரக் கொல்றான், பாத்துகினு கீறியே!”

நூரு டிரைபாடைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கினாள். கத்தி பிடித்திருந்த முன்கையில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் கேட்டது. காமிரா பாறையில் சிதறியது. அந்த மனிதர் ஊளையிட்டார். ஆனால் என் மணிக்கட்டை விடவில்லை. முகம் வெளுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் உடம்பையே சாதிக்கின் நெஞ்சின்மேல் போர்வைபோலக் கவிழ்த்துப் படுத்துக்கொண்டார். நூரு அவர் முதுகில் குத்திக்கொண்டே இருந்தாள். ஹெலிகாப்டர் கிளப்பிய காற்றில் கூழாங்கற்கள் எங்கள் முகத்தில் அடித்தன.

சாதிக் பிழைத்தார். குளிர்ந்து கிடப்பவரைத் தேய்த்து எழுப்பி உட்கார வைத்தால் இதயம் தடுமாறி நின்றுபோகலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மாவுக்கட்டோடு இருந்த அந்த மனிதரைப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். “உன் தங்கை நன்றாக அடிக்கிறாள்” என்றார். சிரிக்கவில்லை. “எல்லாம் ஒரு படத்துக்கு” என்று கதவைச் சாத்தினார்.

ஊரில் கதை வேறு. வைத்தியத்தைத் தடுத்தவனின் கையை உடைத்துப் புருஷனை மீட்டவள் நூரு. தேய்த்த சூட்டில்தான் உயிர் தங்கியது என்று உறவினர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். சாதிக்குக்குக் குதித்ததற்குப் பிறகு எதுவும் நினைவில்லை. இப்போது முழங்காலுக்கு மேல் கடலில் இறங்குவதில்லை என்று கேள்வி. நூரு என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கடைசியாகப் பேசியபோது சொன்னாள்: “அவன் சொன்னான்னு நீயாதான அண்ணே கையை எடுத்த? நா பாத்தேன். நீ அவுங்க ஆளாயிட்ட.”

மன்னிப்புக் கேட்கப் போனபோதே அந்த மனிதரிடம் இதையும் கேட்டிருந்தேன். என் கையைத் தான்தான் பிய்த்து எடுத்ததாகச் சொன்னார். என் மணிக்கட்டில் விரல் தடம் ஒரு வாரம் கன்றியிருந்தது. ஆனால் அது இடது கை. வலது கை சாதிக்கின் உள்ளங்காலில் இருந்தது. அதை யாரும் பிடித்திருக்கவில்லை, அல்லது பிடித்தது எனக்குத் தெரியவில்லை. ஹெலிகாப்டர் இறங்கியபோது அது அங்கே இல்லை. அதை எடுத்தது நானா, அவரா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.