பிளாஸ்திரி ஒட்டிய கேசட்

எங்கள் வீட்டு வீடியோ டெக்குக்கு ஒரே ஒரு சட்டம்தான். முதுகில் பிளாஸ்திரி ஒட்டிய கேசட்டில் டி.வி.யில் வருவதைப் பதியலாம். ஒட்டாததைத் தொடக் கூடாது. சட்டம் போட்டவர் அத்தை, அப்பாவின் தங்கை. கேசட்டின் முதுகில் சின்னத் தகடு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதியாது. அந்தப் பள்ளத்தை மூடினால் மறுபடி பதியும். மற்ற ஊர்களில் செல்லோடேப் ஒட்டியிருப்பார்கள். இராஜபாளையத்தில், பேண்டேஜ் கம்பெனிக்குப் போகிற அத்தை இருந்த வீட்டில், பிளாஸ்திரிக்கா பஞ்சம்?

டெக்கை இயக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: அத்தை, அவரிடம் கற்ற நான். எனக்கு அப்போது பத்து வயது. கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன அத்தை ஒரே வருஷத்தில் திரும்பி வந்திருந்தார். அங்கே வேலையை விடச் சொன்னார்கள்; இவர் விடவில்லை.

ஒரு சாயங்காலம் டி.வி.யில் எங்கள் மலையின் சாம்பல் அணிலைப் பற்றி விவரணப்படம் போட்டார்கள். தெருமுனையில் நின்றால் தெரிகிற மலை, மேகம் மேய்கிற அதே மலை, பெட்டிக்குள் வந்துவிட்டது! கை பரபரத்தது. அகப்பட்ட கேசட்டை உருவினேன். பிளாஸ்திரி இருந்தது. போதாதா? செருகினேன், அமுக்கினேன்.

மறு வாரம் அத்தையின் மாமியார் பால்கோவாப் பெட்டியோடு வந்தார். வேலையை விட்டால் இன்றே கூட்டிப் போவதாகச் சொன்னார். அப்பா பாதி சம்மதித்துவிட்டார். மீதியையும் இளக்க, கல்யாணக் கேசட்டைப் போடச் சொன்னார் மாமியார். அத்தை கதவோரம் நின்றார்.

நாயனம் முழங்கியது. வீடியோ விளக்கின் வெளிச்சத்தில் அத்தை கண்ணைச் சுருக்கினார். மாப்பிள்ளையின் கை தாலியோடு உயர்ந்தது. உயர்ந்த கணத்தில் திரை சிலிர்த்து, நீண்ட வால் தொங்க ஓர் அணில் தலைகீழாகப் புளியங்காய் தின்றது. அதன் உணவுப் பழக்கத்தை ஒரு கனத்த குரல் விளக்கத் தொடங்கியது.

“என்ன கூத்து இது? தாலி கட்டுற நேரத்துல அணிலா!” என்றார் மாமியார்.

“ஏட்டி, நீதானா?” அப்பா கையை ஓங்கினார்.

“பிளாஸ்திரி இருந்துச்சுப்பா…”

ஓங்கிய கையை அத்தை பிடித்துக்கொண்டார். “பிள்ளையத் தொடாதிய அண்ணே. அணிலு நல்லாத்தான இருக்கு.” சொல்லும்போதே சிரிப்பு பொங்கிவிட்டது. மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த சிரிப்பு.

“உனக்குச் சிரிப்பு வேற வருதோ?” என்றார் மாமியார்.

“வருதே, என்ன செய்ய?”

மாமியார் எழுந்தவர்தான், பிறகு வரவேயில்லை. பால்கோவாப் பெட்டியை அத்தை அப்படியே என் மடியில் வைத்தார். திங்கட்கிழமை, வழக்கம்போல் டிபன் பாக்ஸோடு டவுன் பஸ் ஏறினார். நான் மட்டும் ஒரு கல்யாணத்தையே அழித்துவிட்ட பாவத்தோடு வளர்ந்தேன். அத்தை சூப்பர்வைசர் ஆனபோதும், சொந்த வீடு கட்டியபோதும், அந்தப் பாவம் இனிப்போடு சேர்ந்து நாக்கில் ஒட்டியிருந்தது.

போன வாரம் அந்தக் கேசட்டைப் பூஞ்சை துடைத்து பென்டிரைவில் ஏற்றித் தந்தார் ஸ்டுடியோக்காரர். அத்தை வீட்டு டி.வி.யில் சொருகினேன். நாயனம், தாலி, அணில். விவரணப்படம் முடிந்ததும் ரிமோட்டை எடுத்தேன்.

“செத்த இரு ஏட்டி. பொறவு நாடகம் வரும்.”

வந்தது. அந்நாளைய வாரநாடகம் ஒன்று, பாதியிலிருந்து. அதன் பின் இன்னொன்று, அதன் பின் இன்னொன்று. நான் நாடகம் பதிந்ததே கிடையாது. திரும்பிப் பார்த்தேன். அத்தை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையையே பார்த்தார்.

“மொத நாடகத்துல முன்பாதிய நீதான் அழிச்ச. எம்புட்டு நல்ல நாடகம் தெரியுமா!”

பிளாஸ்திரி இருந்தது என்று அன்று அழுதழுது சொன்னேன். கல்யாணக் கேசட்டில் அதை ஒட்டியது யார் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. வாய் நிறையப் பால்கோவாவோடு இருந்த எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.