பெட்டியில் சிரிக்கும் வசந்தி

இன்று ஒரு பனியன் கம்பெனி முதலாளியைப் பேட்டி காணப் போயிருந்தேன். பேச்சின் நடுவில் வசந்தி உள்ளே வந்தார்.

தொண்ணூறுகளில் திருப்பூரின் மாடல் அவர். கேபிள் டிவியில் நிகழ்ச்சி நடத்தினார், வாரப் பத்திரிகையில் தொடர் எழுதினார். அதெல்லாம் மறந்துபோனது. இந்தக் கம்பெனியின் உள்ளாடைப் பெட்டியில் உள்ள அவர் படம் மட்டும் இன்னும் அச்சாகிறது.

“படத்த எடுத்துருங்கண்ணா. மூலனூர் சம்பந்தம் இதனாலதான் முறிஞ்சுது. ஞாயித்துக்கெழம என்ற பொண்ணப் பாக்க வேற ஊட்டுக்காரங்க வர்றாங்க.”

“கடையில பேரு சொல்லி யாருங்க கேக்கறாங்க? ‘அந்தப் பொண்ணு படம் போட்டது’ன்னுதானுங்க கேக்கறாங்க. படத்த எடுத்தா யாவாரம் போயிருமுங்க.”

சொல்லிவிட்டு, முதலாளி பெட்டியை வசந்தியின் கன்னத்தருகே பிடித்து என்னிடம் கேட்டார்.

“நீங்களே சொல்லுங்க சார். இது இவங்கன்னு இப்ப யாருக்காச்சும் தெரியுமுங்களா?”

வசந்தி என்னையே பார்த்தார்.

“நல்லாவே தெரியுது,” என்றேன், அவருக்கு உதவுவதாக நினைத்து.

“பாத்தீங்களா அம்மிணி! அழகு கொறையவே இல்லீங்களாமா. சந்தோசமாப் போயிட்டு வாங்க.”

காபி கொடுத்துத்தான் அனுப்பினார். எங்கள் ஊர் மரியாதையில் யாராலாவது குறை சொல்ல முடியுமா?