ஏலத்துக்கு வராத சங்கரா

ஜீப்பின் பானெட்டில் பதினோரு சங்கரா மீன்கள் கிடந்த அந்தக் காலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஒன்றுகூட என் விரலைவிட நீளமில்லை. எங்கள் டிரைவர் அண்ணன் வீட்டுக் குழம்புக்குப் போக வேண்டிய மீன்கள் அவை. அவற்றை அளந்தால் நான் எழுதி முடித்திருந்த அறிக்கை குப்பைக்குப் போகும்.

அப்போது நான் கடல்மீன் வளத்தைக் கணக்கெடுக்கும் பிரிவில் இருந்தேன். கரைக்கு வரும் மீன்களின் நீளத்தை அளந்து எழுதுவதுதான் வேலை. பொடி மீனாக வந்தால் வளரவிடாமல் பிடிக்கிறார்கள் என்று பொருள், பெரிய மீனாக வந்தால் கவலையில்லை. டிரைவர் அண்ணன் பொழிச்சலூர்க்காரர். வாரத்தில் இரண்டு நாள் என்னைத் தாம்பரத்தில் ஏற்றிக்கொண்டு மேடவாக்கம் வழியாகக் கடற்கரைக்கு அழைத்துப் போவார். ஏலத்துக்குக் கொட்டிய குவியல்களிலிருந்து மீன்களை எடுத்து அளப்பேன். இரண்டு வருடம் அளந்ததில் சங்கராவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பொடி மீன் தப்பிப் போக வலைக்கண்ணைப் பெரிதாக்கத் தேவையில்லை என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். என் வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, குறுக்கே யாராவது பேசினால் பிடிக்காது.

அறிக்கை கொடுக்க ஒரு வாரம் இருந்தபோது, திரும்பும் வழியில் மேடவாக்கம் சிக்னலில் அண்ணன் கேட்டார்.

“சார், நீங்க அளக்குற சங்கராலாம் உள்ளங்கை நீட்டு கீது. அதே போட்டுலதான் எனக்கும் குடுக்குறாங்கோ. எனக்கு மட்டும் எப்பவும் பொடிசா கீதே, இன்னா கணக்கு?”

“விற்காத மிச்சத்தை உங்க தலையில கட்றாங்க அண்ணா” என்று சிரித்தேன்.

“மிச்சம் இல்ல சார். ஏலத்துக்கு முன்னாடியே ஆளுக்கொரு கூடை வூட்டுக்கு எடுத்து வெச்சிடுவாங்கோ. பொடிசெல்லாம் அதுலதான் போவுது.”

அப்படியானால் பொடிசைப் பிரித்து எடுத்தபின் மிஞ்சிய பெரிய மீன்களைத்தான் இரண்டு வருடமாக அளந்திருக்கிறேன். அந்தக் கூடைகள் என் காலடியிலேயே இருந்தன. வீட்டுச் சாப்பாடு நம் கணக்கில் வராது என்று நானே ஒதுக்கியிருந்தேன்.

அடுத்த முறை போனபோது, கூடையைக் காட்டும்படி ஒரு படகுக்காரரிடம் கேட்டேன். “எங்க புள்ளைங்க துன்ற மீன எதுக்கு சார் அளக்கணும்?” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்தவர் சமையலறையில் தலையை விட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? அப்போதுதான் அண்ணன் அன்று தனக்குக் கிடைத்த மீன் பையை எல்லோரும் பார்க்கப் பானெட்டில் கொட்டினார்.

“அண்ணா, இனிமே உங்களுக்கு மீன் தரமாட்டாங்க” என்று காதோரம் சொன்னேன்.

“தராட்டி போறாங்கோ. அளங்க சார். வூட்ல புளி கரைச்சினு இருப்பாங்க.”

அளந்தேன். அதன்பின் இரண்டு மூன்று படகுக்காரர்கள் தங்கள் கூடைகளையும் திறந்தார்கள். நான் செய்தது தவறு என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, அவகாசம் வாங்கி, அறிக்கையை முதலிலிருந்து எழுதினேன். அந்தக் கரையில் வலைக்கண் பெரிதாயிற்று. இன்று எங்கள் படிவத்தில் வீட்டுக் கூடைக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. அது என்னால் வந்தது என்று பல கூட்டங்களில் மார்தட்டியிருக்கிறேன்.

போன மாதம், ஓய்வு பெற்றுவிட்ட அண்ணனைப் பார்க்கப் பொழிச்சலூர் போயிருந்தேன். அண்ணி சங்கரா வறுத்து வைத்தார், தட்டை அடைத்துக்கொண்டு இருந்தது. போட்டில் கொடுத்ததா என்று கேட்டேன்.

“அவங்க குடுத்து எத்தினி வருஷம் ஆவுது. இது பம்மல்ல வாங்குனது. அளந்த நாள்லேர்ந்து போட்டுக்காரங்க யாரும் இவரோட பேசறதில்லன்னு, கரைக்குப் போனா வண்டிய விட்டே எறங்க மாட்டாரு. உங்களுக்குத் தெரியாதா சார்?”

தெரியாது. அதற்குப் பிறகும் ஐந்து வருடம் அவரோடு போனேன். நான் அளந்து முடிக்கும்வரை அவர் ஜீப்பிலேயே சாய்ந்திருப்பார். தூங்குமூஞ்சி என்று கேலிகூடச் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, தட்டில் கை வைக்க முடியவில்லை.

அண்ணன் மீனை என் பக்கம் நகர்த்தினார். “அத்த வுடுங்க. மீன் பெருசா வருதா இல்லியா? சாப்டுங்க சார்.”