மஞ்சள் துணியில் ஒரு பிடி மண்

நாடுகளுக்கிடையே நடக்கும் வணிகத்தை ஆராய்வது என் பிழைப்பு. சரக்கு எதனால் எல்லையில் நிற்கிறது, நின்றால் யார் வீட்டு அடுப்பு எரியாமல் போகிறது என்று எழுதுவேன். எங்கள் வீட்டில் யாரும் அதைப் படித்ததில்லை. "நீ எழுதி என்னாகப் போவுது" என்பார் அண்ணன். அவர் திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுபவர். இங்கே வேலை குறைந்ததும், எங்கள் ஊர்க்காரர்கள் பலரைப் போல அவரும் லாரியை ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்ற முடிவு செய்தார். அப்போதுதான் என் படிப்புக்கு வீட்டில் வேலை வந்தது.

லாரியில் மண் ஒட்டியிருந்தால் அங்கே துறைமுகத்தில் இறக்க விடமாட்டார்கள், மண்ணோடு பூச்சியும் நோயும் வந்துவிடும் என்று பயப்படுவார்கள் என்று சொல்லிவைத்தேன். அண்ணன் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்ல. டயர் இடுக்கு, அடிச்சட்டம், குழாய்கள் என்று ஆட்களை வைத்துத் தேய்த்துக் கழுவினார். தன் கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிக் குளித்திருக்க மாட்டார்.

கழுவிய லாரியை நேராகக் குலதெய்வக் கோயிலுக்கு ஓட்டிப் போனார்கள்; நான் கூடப் போகவில்லை. பூசை முடிந்ததும் அண்ணி கோயில் வாசலில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் கட்டினார். தூரம் போகும் வண்டிக்கு எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம். எந்த மண் கூட இருக்கிறதோ, அந்த மண்ணுக்கே ஆள் திரும்பி வருவார் என்று நம்பிக்கை. அதுவும் மண்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு அது சாமி.

அண்ணன் விமானத்தில் முன்னதாகப் போய்த் துறைமுகத்தில் காத்திருந்தார். கப்பல் வந்த மறுநாள் வீடியோவில் வீட்டுக்குக் கூப்பிட்டார்; நானும் அண்ணியும் திரை முன்னால் உட்கார்ந்தோம். அண்ணன் பக்கத்தில் அந்தத் துறைமுகத்தின் பெண் அதிகாரி ஒருவர். அவர் கையில் மஞ்சள் முடிச்சு. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். மண்ணை எரிக்க வேண்டும், அதற்கு உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் லாரி வந்த வழியே திரும்பும். அங்கே மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டால் லாரி காட்டுப் பாதையில் போக முடியாது.

அண்ணன் என்னைப் பார்த்து, "உங்க அண்ணிகிட்டக் கேளு" என்றார்.

அண்ணி திரையில் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதை எரிச்சுட்டா அவங்க திரும்பி வருவாங்களா அம்மணி?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு அந்த அதிகாரி மேல் கோபம் வந்தது. விதி நியாயமானது என்று தெரிந்திருந்ததால் கோபம் இன்னும் கூடியது. இப்படி ஒரு கேள்வியை நான் படித்த எந்தக் கட்டுரையும் கேட்டதில்லை.

"வருவாங்க அண்ணி" என்றேன், ஏதோ தெரிந்தவள் மாதிரி.

"செரி, எரிச்சுக்கச் சொல்லிரு அம்மணி. லாரி எறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குப் போய்விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

லாரி இறங்கியது. மழைக்கு முன்பே முதல் போர் போட்டார்கள், தண்ணீரும் வந்தது. தண்ணீர் பீய்ச்சியடிக்கும் படத்தைப் பார்த்து நான் அழுதே விட்டேன். சாயங்காலம் இன்னொரு படம் வந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில் புதிதாக ஒரு முடிச்சு. மஞ்சள் துணி அங்கே கிடைக்கவில்லை போலும், பூப்போட்ட துணி. கூடவே அண்ணனின் குரல்பதிவு: "மொத போருல வந்த மண்ணு அம்மணி. ராசியான மண்ணு. கட்டி வெச்சுட்டேன்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. லாரி ஊருக்கு வரும்போது நம் துறைமுகத்திலும் பிடித்து வைப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே அண்ணியிடம் காட்டினேன்.

அண்ணி சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போனை என்னிடம் கொடுத்தார்.

"வருவாங்க அம்மணி. வந்துட்டு, அங்கதான் திரும்பிப் போவாங்க."