சில்லில் ஒட்டிய முருகன்

உள்ளங்கை அகலத்தில், வட்டமாக, நான்கு முருகன்கள். பின்பக்கத் தாளை உரித்து ஒட்டினால் காரின் சில்லின் நடுவில் பொன்னாக மின்னும். கப்பலில் வேலை செய்த பக்கத்து வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவை. அப்பாவின் தம்பி, எங்கள் குஞ்சியப்பு, வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, திருநீறு பூசி, வாடகைக்கு ஓட்டும் தன் பழைய ஹயர் காரின் நான்கு சில்லுகளிலும் அவற்றை நேராகப் பார்த்து ஒட்டினார். எதைப் புதுப்பித்தாலும் முதலில் சாமியை வைப்பது எங்கள் வழக்கம். சில்லு சுற்றும் என்பதுதான் அந்த மனுஷனின் நினைவுக்கு வரவில்லை.

முதல் ஓட்டத்திலேயே பிழை தெரிந்தது. கோயில் வாசலில் கார் நின்றபோது முருகன் தலைகீழாக நின்றார். அன்று பிடித்த அந்தரம், அந்தப் பதைப்பு, குஞ்சியப்புவை விடவேயில்லை. நிறுத்துமிடமெல்லாம் இறங்கிப் பார்ப்பார். அரை அடி முன்னே, கால் அடி பின்னே உருட்டி நேராக்குவார். ஒரு முடக்குத் திரும்பினால் நான்கும் நான்கு பக்கம் பார்க்கும். கடைசியில் மற்ற மூன்றையும் கைவிட்டு, தன் பக்கத்து முன்சில்லை மட்டும் கவனித்தார். உரித்துவிடவும் மனமில்லை, சாமியை உரித்து எங்கே எறிவது? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான் என்று நாங்கள் சிரித்தோம்.

எனக்கு முதற்பிள்ளைக்குப் பிரசவ நோ கண்டது ஒரு நடுமத்தியானம். மருத்துவிச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “பிள்ளை தலைமாறிக் கிடக்கு. உடனை பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ” என்றாள். குஞ்சியப்புதான் காரை எடுத்தார். பாதி வழியில் ஆட்டுக்கூட்டம் மறித்தது. ஆடுகள் விலகிய பிறகும் கார் நகரவில்லை. அவர் இறங்கிச் சில்லருகே குந்தியிருந்தார்.

“கொஞ்சம் பொறு பிள்ளை. தலைகீழாய் நிக்கிறார். இண்டைக்கு அப்பிடி நிக்கக்கூடாது.”

கார் பின்னால் உருண்டது, முன்னால் உருண்டது. எனக்கு உயிர் போனது. “முருகன் எப்பிடி நிண்டாலும் முருகன்தான். என்ரை பிள்ளை செத்துப்போகும், காரை விடுங்கோ குஞ்சியப்பு” என்று கத்தினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அதன்பின் எங்கும் இறங்காமல் ஓட்டினார்.

கத்தியவள் நான்தான். ஆனால் மிச்ச வழியெல்லாம் அவருடைய அந்தரம் எனக்குத் தொற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தாங்கி இறக்கினார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, நேரே முன்னால் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நான் அந்த நோவிலும் குனிந்து அவர் பக்கத்து முன்சில்லைப் பார்த்தேன். முருகனின் கால் மேலே, தலை கீழே. இன்றைக்கும் மகனுடைய காரிலிருந்து இறங்கினால் என் கண் சில்லுக்குத்தான் போகிறது. அதில் சாமியுமில்லை, ஒன்றுமில்லை.

அந்த மகன் கால் முன்னேவரப் பிறந்தான். நீலம் பாரித்துக் கிடந்து, எல்லோரையும் பயப்படுத்திவிட்டுத்தான் அழுதான். மறுநாள் குஞ்சியப்பு வந்து கட்டிலருகே நின்றார். பிள்ளையை நீட்டினேன், வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நீ சொன்னதாலை நான் இறங்கிப் பாக்கேல்லை, பிள்ளை. நீ பாத்தனியே?”

“ஓம்.”

“நேரே நிண்டவரோ?”

“நேரேதான் நிண்டவர், குஞ்சியப்பு.”

அதற்குப் பிறகுதான் அவர் என் பிள்ளையைக் கையில் வாங்கினார்.